ஆமை வராத இரவுகள்: சென்னைக் கடற்கரையின் ஆமை நடை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையின் தென்புறத்தில் நீலாங்கரைக் கடற்கரையில், ஜனவரி முதல் மார்ச் இறுதி வரையிலான வார இறுதிகளில், இரவு பதினொரு மணியையொட்டி ஒரு கூட்டம் சேர்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வந்த பெற்றோர், விடுதியில் அனுமதி வாங்கி வந்த கல்லூரி மாணவர்கள், அடுத்த நாள் விடுமுறை என்பதால் துணிந்து வந்த அலுவலகப் பணியாளர்கள் எனப் பல தரப்பினரும் மணலில் உட்கார்ந்திருக்க, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த தன்னார்வலர் ஒருவர் கடலாமைகளைப் பற்றி அவர்களிடம் பேசுகிறார். பேச்சு முடிந்ததும் கைவிளக்குகளையும் கைபேசிகளையும் அணைத்துவிட்டு, அனைவரும் அலையோரமாக வடக்கு நோக்கி நடக்கத் தொடங்குகிறார்கள். பாலவாக்கம், கொட்டிவாக்கம், திருவான்மியூர், ஓடைக்குப்பம் என்று ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நடந்து, பெசன்ட் நகரில் மணலை அடைத்து அமைக்கப்பட்ட முட்டைப் பொரிப்பகத்தை அவர்கள் சென்றடையும்போது விடியலுக்கு அதிக நேரம் இருப்பதில்லை.

இதுவே சென்னையில் 'ஆமை நடை' என்று வழங்குகிறது. பாடத்திட்டம், தேர்வு, சான்றிதழ் ஆகிய எதுவும் இதில் இல்லை. பல இரவுகளில், பார்க்க வந்த விலங்கே கண்ணில் படுவதில்லை. அப்படியிருந்தும் இந்த நடையில் கலந்துகொண்டவர்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். சிலருடைய வாழ்க்கைத் தொழிலையே அது மாற்றியிருக்கிறது. நகர்ப்புற இயற்கையை இளையோருக்கும் குடும்பங்களுக்கும் கற்பிக்க எடுக்கப்படும் முயற்சிகள் பெருகிவரும் இக்காலத்தில், இந்த நடை எதனால் கற்பிக்கிறது, எங்கே கற்பிக்கத் தவறுகிறது என்பதை ஆராய்வது பயனுடையது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த நடை கற்பிப்பதற்காகத் தொடங்கப்பட்டதன்று. முட்டைகளைக் காப்பாற்றும் வேலைக்காகத் தொடங்கப்பட்டு, அந்த வேலைக்குள் பொதுமக்களும் அனுமதிக்கப்பட்டார்கள். அதன் கற்பிக்கும் ஆற்றல் முழுவதும் அந்த வேலையிலிருந்தே வருகிறது.

எப்படித் தொடங்கியது

1970களின் தொடக்கத்தில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர்களும் சென்னைக்குத் தெற்கே உள்ள கடற்கரையில் இரவு நேரங்களில் நடந்து, கடலாமைகள் முட்டையிடுவதைக் கவனிக்கத் தொடங்கினர். அம்முட்டைகள் உண்பதற்காகவும் விற்பதற்காகவும் தோண்டி எடுக்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. எடுப்பவர்களுக்கு முன்பாகச் சென்று முட்டைகளை எடுத்து, பாதுகாப்பான ஓரிடத்தில் மீண்டும் புதைப்பதே அவர்கள் கண்ட வழி. அந்த இளைஞர்களுள் ஒருவர், அப்போது சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சதீஷ் பாஸ்கர். பிற்காலத்தில் அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவுகள் உட்பட இந்தியக் கடற்கரையின் பெரும் பகுதியைக் கால்நடையாகச் சுற்றி, இந்தியக் கடலாமைகளைப் பற்றிய அடிப்படைத் தகவல்களைத் திரட்டியவர் அவர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் அதைச் செய்தார் என்பதைப் பெற்றோர் இருக்கும் கூட்டத்தில் சற்று மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கும்.

அதன் பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், தமிழ்நாடு வனத்துறையும் சில ஆண்டுகள் பொரிப்பகங்களை நடத்தின. 1988இல் மாணவர்கள் சிலர் ஒன்றுகூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினர். அன்று முதல் ஒவ்வொரு பருவத்திலும் மாணவர்கள் வருகிறார்கள், படிப்பு முடிந்து போகிறார்கள், அடுத்த அணி வருகிறது. தொடங்கியவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் இன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியராக இருக்கிறார். கடலாமைகளைப் பற்றிய ஆய்வில் உலகளவில் அறியப்பட்ட ஒருவர் சென்னைக் கடற்கரையில் இரவு நடையிலிருந்து புறப்பட்டவர் என்பது இம்முயற்சியின் விளைவைப் பற்றி ஓரளவு சொல்லும். ஆயினும் அறிவியலாளர்களை உருவாக்கியதைக் கொண்டு மட்டும் இதை அளவிடுவது பொருத்தமாகாது. நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வங்கியிலும் மென்பொருள் நிறுவனத்திலும் வேலை செய்பவர்கள். அவர்கள் தங்கள் நகரத்தைப் பார்க்கும் விதத்தில் ஏதேனும் மாறியதா என்பதே இந்த ஆய்வுக்கு உரிய கேள்வி.

ஏன் முட்டைகளை இடம் மாற்ற வேண்டியிருக்கிறது

சென்னைக் கரைக்கு வருவது ஆலிவ் ரிட்லி எனப்படும் சிறிய வகைக் கடலாமை. பங்குனி மாதத்தை ஒட்டி முட்டையிட வருவதால் மீனவர்கள் அதைப் பங்குனி ஆமை என்கிறார்கள். ஒடிசாவின் கஹிர்மாதா, ருஷிகுல்யா கடற்கரைகளில் இவ்வினம் சில இரவுகளுக்குள் ஆயிரக்கணக்கில், சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் கரையேறும். சென்னையில் அப்படியில்லை. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று தனித்தனியாக வரும், வராமலும் போகும். நள்ளிரவில் கரையேறும் பெண் ஆமை, பின்துடுப்புகளால் முழங்கை ஆழத்துக்குக் குடுவை வடிவத்தில் ஒரு குழி தோண்டி, அதில் நூறுக்கும் சற்றுக் கூடுதலான முட்டைகளை இட்டு, மணலால் மூடி, வயிற்றோட்டால் தட்டித்தட்டி இறுக்கிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. இவை அனைத்தும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். 45 முதல் 55 நாள்களில் குஞ்சுகள் பொரிந்து, ஓரிரவில் ஒன்றாக மேலே வருகின்றன.

ஆளில்லாக் கடற்கரையில் இந்த முட்டைகளைத் தொட வேண்டிய தேவையே இல்லை. பெருநகரக் கடற்கரையிலோ தெருநாய்கள் குழியைத் தோண்டிவிடுகின்றன. ஆள் நடமாட்டமும் துப்புரவு வாகனங்களும் மணலை அமுக்குகின்றன. இவற்றைத் தாண்டிக் குஞ்சு பொரிந்தாலும் விளக்குகள் அதைத் திசைதிருப்பிவிடும். கடலாமைக் குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கி ஊரும் இயல்புடையது. இருண்ட கரையில் நட்சத்திர ஒளியை எதிரொளிக்கும் கடல்தான் வெளிச்சமான பக்கம். சென்னையில் அது சாலைப் பக்கம். விளக்குக் கம்பத்தை நோக்கி ஊர்ந்து போய், காலையில் சாலையோரத்தில் காய்ந்து கிடக்கும் குஞ்சுகளைக் கடற்கரையில் நடைப்பயிற்சிக்கு வருவோர் பார்த்திருக்கக்கூடும்.

ஆகவே முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். அதுவும் அன்றிரவே நடக்க வேண்டும். முட்டையிட்ட சில மணி நேரத்தில் கரு முட்டையின் உட்சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு முட்டை உருண்டால் கரு இறந்துவிடும். இரவில் நடப்பதற்கான காரணமே இதுதான். பங்கேற்பாளர்களைக் கவர்வதற்காக இரவு தேர்ந்தெடுக்கப்படவில்லை. இயற்கைக் கல்வி என்ற பெயரில் நடத்தப்படும் பல நிகழ்ச்சிகளில் நேரமும் இடமும் வருவோரின் வசதிக்கேற்ப அமைக்கப்படுகின்றன. இங்கே ஆமையின் வசதிக்கு ஏற்பப் பத்து வயதுப் பிள்ளை விழித்திருக்க வேண்டியிருக்கிறது. இந்த ஒரு தலைகீழ் மாற்றம் பத்துப் பாடங்களுக்குச் சமம் என்று நான் கருதுகிறேன்.

நடையின் உள்ளே

நடை தொடங்கிய முதல் அரை மணி நேரத்தில் எல்லோரும் கடலையே பார்க்கிறார்கள். பிறகு தன்னார்வலர்கள் அவர்களின் பார்வையை மணலுக்குத் திருப்புகிறார்கள். ஆமையைத் தேடுவதில்லை, தடத்தைத் தேடுகிறோம் என்பதுதான் அங்கே முதலில் கற்க வேண்டிய தொழில்நுட்பம். ஈர மணலிலிருந்து உலர்ந்த மணலுக்கு ஏறும் ஒரு தடமும், இறங்கும் ஒரு தடமும் இருக்கும். பங்குனி ஆமை இடது முன்துடுப்பையும் வலது முன்துடுப்பையும் மாற்றிமாற்றி வைத்து ஊர்வதால், தடத்தின் இருபுறமும் உள்ள அடையாளங்கள் ஒன்றுக்கொன்று நேராக அமையாமல் முன்பின்னாக இருக்கும். பேராமை எனப்படும் பச்சைக் கடலாமை இரு துடுப்புகளையும் ஒருசேர வைத்து ஊர்வதால் அதன் தடம் இருபுறமும் ஒத்திருக்கும். இதைக் கேட்ட பிறகு, படகை இழுத்த தடத்தையும், வலை இழுத்த தடத்தையும், வண்டிச் சக்கரத் தடத்தையும் கண்டு பிள்ளைகள் ஏமாறுவதும் திருத்திக்கொள்வதும் நடை முழுவதும் நடந்துகொண்டே இருக்கும். மணலை வாசிக்கும் பழக்கம் அப்படித்தான் வருகிறது.

தடம் கிடைத்துவிட்டால் அடுத்தது குழியைக் கண்டறிதல். ஆமை மணலைக் கலைத்துவிட்டுப் போயிருக்கும் பரப்பு அகலமானது. அதில் முட்டை இருக்கும் இடம் ஒரு சாண் அளவே. பயிற்சி பெற்ற தன்னார்வலர் ஒரு கோலை மெல்ல மெல்ல மணலில் செலுத்திப் பார்ப்பார். இறுகிய மணலில் கோல் தடைபடும். குழிக்கு மேல் மட்டும் சட்டென இளகி இறங்கும். ஒரு நூலளவு அதிகமாக அழுத்தினாலும் முட்டை உடைந்துவிடும் என்பதால் பல ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் மட்டுமே இதைச் செய்கிறார்கள். சுற்றி நிற்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார்கள். சொற்களால் கற்பிக்க முடியாத ஒரு திறன் கையில் இருப்பதை நகரத்துப் பிள்ளைகள் நேரில் காணும் வாய்ப்பு இன்று மிகவும் குறைவு. அதை இங்கே காண்கிறார்கள்.

பின்னர் கையால் மணலை அள்ளி, முட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிப்பையில் வைக்கிறார்கள். எண்ணும் வேலை பெரும்பாலும் வந்திருப்பவர்களுடையது. மேசைப் பந்தின் அளவும் நிறமும் கொண்டு, ஓடு கடினமாக இல்லாமல் தோல்போல் அமுங்கும் அந்த முட்டைகள் நூறைத் தாண்டும்போது எண்ணிக்கையில் எப்படியும் ஒரு கருத்து வேறுபாடு வரும். குழியின் ஆழத்தையும் வாயகலத்தையும் அளந்து குறித்துக்கொள்கிறார்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவத்தில் புதிய குழி தோண்டி முட்டைகளை வைத்து மூடி, நாளும் எண்ணிக்கையும் எழுதிய அட்டையை நடுகிறார்கள். குழியின் ஆழம் ஏன் மாறக்கூடாது என்று கேட்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் விடை, பாடநூலில் படித்த எதையும்விட வியப்பானது. கடலாமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பநிலை முடிவு செய்கிறது. ஏறத்தாழ 29, 30 டிகிரி செல்சியஸில் இரு பாலும் கலந்து பொரியும். அதற்கு மேல் பெண்கள் மிகும். கீழே ஆண்கள் மிகும். பருவநிலை மாற்றம் என்ற சொல்லைப் பிள்ளைகள் எத்தனையோ முறை கேட்டிருந்தாலும், தன் காலடியில் உள்ள மணல் ஓரிரு டிகிரி சூடானால் ஓர் இனத்தின் ஆண் பெண் விகிதமே மாறிவிடும் என்பதை அதிகாலை மூன்று மணிக்கு அந்த மணலிலேயே நின்று கேட்பது வேறு.

ஆனால் இவ்வளவும் ஆமை வந்த இரவின் கதை. வராத இரவுகளில் நடை வெறும் நடைதான். என்னைக் கேட்டால், கல்வியைப் பொறுத்தவரை அந்த இரவுகளுக்கே மதிப்பு அதிகம். உயிரியல் பூங்காவில் கூண்டுக்கு முன் நின்றால் விலங்கு இருக்கும். கைபேசியில் தேடினால் ஆமை முட்டையிடும் காணொளி ஒரு நொடியில் வரும். கேட்டவுடன் கிடைத்துப் பழகிய பிள்ளைக்கு, ஐந்து மணி நேரம் நடந்தும் ஒன்றும் கிடைக்காத இரவு ஓர் அதிர்ச்சி. அந்த ஏமாற்றத்தோடு அது வீடு திரும்பும்போது, ஆமை அரிதானது என்பதைக் கால் வலியாக உணர்ந்திருக்கும். 'இன்றைக்கு எதுவும் இல்லையா' என்று கேட்கும் பெற்றோரைத் தன்னார்வலர்கள் சமாதானப்படுத்த முயல்வதில்லை என்பதும் நல்லதே.

விளக்குகளும் நாய்களும்

இருட்டைப் பற்றிய பாடம் யாரும் நடத்தாமலே நடந்துவிடுகிறது. கண் இருளுக்குப் பழகிய பிறகு, கரையோர வீடுகளின் மாடி விளக்குகளும், உணவகங்களின் அலங்கார விளக்குகளும், உயர் கம்ப விளக்குகளும் கண்ணைக் கூசவைக்கின்றன. வழக்கமாக அவற்றின் கீழ் நிம்மதியாக உட்கார்ந்து சுண்டல் தின்றவர்களுக்கு, அவை கடலைப் பார்த்து எரிவதன் பொருள் அன்றுதான் புரிகிறது. முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிடாமலே திரும்பிவிடக்கூடும். அவ்வாறு ஏறி இறங்கிய வெறுந்தடங்களும் நடையில் தென்படுவதுண்டு. முட்டையிடும் பருவத்தில் கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்க வேண்டும் என்ற கோரிக்கை சென்னையில் ஆண்டுதோறும் எழுகிறது. சில ஆண்டுகளில் சில பகுதிகளில் நிறைவேறவும் செய்கிறது. பாதுகாப்புக்கு விளக்கு வேண்டும் என்ற எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கிறது, குறிப்பாக இரவில் கடற்கரையைக் கடக்க வேண்டிய பெண்களுக்கும், விடியும் முன் கடலுக்குப் போகும் மீனவர்களுக்கும். விளக்கின் முகத்தைக் கீழ்நோக்கித் திருப்புவது, கடல் பக்கம் மறைப்பு வைப்பது போன்ற எளிய வழிகளைக் கரையோரக் குடும்பங்கள் தங்கள் மாடியிலேயே செய்துவிட முடியும் என்பதால், நடையிலிருந்து வீட்டுக்கு எடுத்துச் செல்லக்கூடிய மிகத் தெளிவான செயல் இதுவே.

நாய்கள் விஷயம் அவ்வளவு எளிதன்று. நடையில் வரும் பல பிள்ளைகள் தெருநாய்களுக்கு உணவிடும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். முட்டையைத் தோண்டித் தின்பதும், குஞ்சைக் கவ்வுவதும் அதே நாய்கள்தான் என்னும்போது அவர்கள் முகம் வாடுவது இயல்பு. விலங்கிடம் அன்பு காட்டுவதும் ஓர் இனத்தைக் காப்பதும் ஒன்றல்ல என்ற வேறுபாடு நகர்ப்புறச் சூழலியலில் கடினமான இடங்களுள் ஒன்று. இதை நேராகப் பேசாமல், 'நாய்க்கும் பசிக்கும் அல்லவா' என்று நழுவிவிடும் வழக்கம் இயற்கைக் கல்வி நிகழ்ச்சிகள் பலவற்றில் உண்டு. நழுவினால் பிள்ளைகள் அதைக் கவனித்துவிடுகிறார்கள்.

இறந்த ஆமைகள்

உயிருள்ள ஆமையைப் பார்க்காத இரவிலும் இறந்த ஆமையைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். கண்கள் பிதுங்கி, உடல் ஊதி, ஓடு உரிந்து கிடக்கும் அந்த உடலைச் சுற்றி நாற்றம் பரவியிருக்கும். தன்னார்வலர்கள் அதைத் தாண்டிப் போவதில்லை. நின்று, அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். சிறு பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாமா என்ற கேள்வியைச் சில பெற்றோர் எழுப்புவதுண்டு. காட்டாமல் இருந்தால் நடை முழுவதும் பொய்யாகிவிடும் என்பது என் எண்ணம். பொரிப்பகத்தில் ஆயிரம் குஞ்சுகளைக் காப்பாற்றி விட்டாலும், முட்டையிடும் வயதை எட்டிய ஒரு பெண் ஆமையின் இழப்பை அது எளிதில் ஈடு செய்யாது. குஞ்சுகளில் ஆயிரத்தில் ஒன்றே முழு வளர்ச்சி அடையும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

2025 ஜனவரியில் இந்தப் பாடம் நகரம் முழுவதற்கும் நடத்தப்பட்டது. சென்னையிலும் அதன் வடக்கு, தெற்கு மாவட்டக் கரைகளிலும் சில வாரங்களுக்குள் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கி, எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியதாகச் செய்திகள் வந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. கடலாமை நுரையீரலால் சுவாசிக்கும் விலங்கு. விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவைமடி என்னும் பை போன்ற வலைக்குள் சிக்கினால் மேலே வந்து மூச்சுவிட வழியில்லாமல் மூழ்கி இறந்துவிடும். மடியின் கழுத்தில் சாய்வான கம்பிச் சட்டத்தைப் பொருத்தி, மீன் உள்ளே போகவும் ஆமை மேலே வெளியேறவும் வழிசெய்யும் கருவி பல பத்தாண்டுகளாகவே இருக்கிறது. மீனும் சேர்ந்து வெளியேறிவிடும் என்ற அச்சத்தால் படகு உரிமையாளர்கள் அதைப் பொருத்தத் தயங்குகிறார்கள். கரையை ஒட்டிய கடற்பரப்பில் இழுவைமடி போடக்கூடாது என்ற விதி தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983இன் கீழ் உள்ளது. ஆண்டுதோறும் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் 61 நாள் தடையோ ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. மீன்வளத்தைக் கருதி வகுக்கப்பட்ட தடை அது. ஆமைகள் கரைக்கு அருகே கூடும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களை அது தொடுவதே இல்லை.

இங்கேதான் நடையின் கற்பித்தலில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் வருகிறது. 'மீனவர்களால் ஆமைகள் சாகின்றன' என்று ஒரு பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சொன்னால், அது பாதி உண்மை என்று விட்டுவிட முடியாது, தவறான பாடம். நடை கடந்து செல்லும் குப்பங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகில் சென்று வலை வீசும் சிறு மீனவர்கள். கரையை ஒட்டி இழுவைமடி இழுக்கப்படுவதால் அவர்களின் வலைகள் அறுபடுகின்றன, மீன் குறைகிறது. ஆமைக்கும் அவர்களுக்கும் எதிரி ஒன்றுதான் என்பதைச் சொல்லாவிட்டால், அடுக்குமாடியிலிருந்து வந்த பிள்ளை குப்பத்தைப் பார்க்கும் பார்வை முன்பைவிட மோசமாகிவிடும். சந்தையில் மலிவாக இறாலை வாங்கும் குடும்பங்களும் இழுவைமடியின் மறுமுனையில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். அதைச் சொல்லும்போது கூட்டத்தில் சிறு அமைதி நிலவும்.

யாருடைய கடற்கரை

ஆமை நடையின் மீது எனக்குள்ள முதன்மையான குறை இதையொட்டியது. நடப்பவர்கள் நகரத்தின் உட்பகுதியிலிருந்து வருகிறார்கள்; நடப்பது மீனவர்களின் வாசலில். பாலவாக்கம் முதல் ஊரூர் ஆல்காட் குப்பம் வரை, படகுகளுக்கு இடையிலும் வலைகளுக்கு இடையிலும் நடந்து போகும் குடும்பங்களுக்கும், அங்கே திண்ணையில் படுத்திருக்கும் குடும்பங்களுக்கும் இடையே பேச்சு நிகழ்வது அரிது. நேரம் அப்படி என்று சொல்லலாம்தான். ஆனால் ஆமை எந்தக் காற்றில் வரும், எந்த நீரோட்டத்தில் கரையை ஒட்டி நிற்கும் என்பதைத் தலைமுறைகளாக அறிந்தவர்கள் அந்தத் திண்ணைகளில்தான் இருக்கிறார்கள். மீனவர் ஒருவரை நடையின் தொடக்கத்தில் பேச வைத்தால், அரை மணி நேர அறிவியல் உரையைவிட அது அதிகம் சொல்லும். குப்பத்துப் பிள்ளைகளைப் பார்வையாளர்களாக அழைப்பதைவிட, வழிகாட்டிகளாக அழைப்பதே பொருத்தமாக இருக்கும். சென்னையைச் சுற்றி மீனவ இளைஞர்களையே ஆமைக் காவலர்களாக வைத்துச் செயல்படும் முயற்சிகளும் இருக்கின்றன. அவற்றிலிருந்து மாணவர் நடை கற்றுக்கொள்ள நிறைய உண்டு.

தமிழர்களுக்குக் கடலாமை புதிய செய்தியன்று என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம். அகநானூற்றின் 160ஆம் பாடலில், நிறைசூல் கொண்ட ஆமை அடும்புக் கொடி சிதைய மணல்மேட்டின் பக்கத்தில் முட்டையிட்டுப் புதைப்பதும், தந்தத்தில் கடைந்த வட்டுப் போன்ற அம்முட்டைகளைக் குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை காத்து நிற்பதும் வருகின்றன. முதல் பாதி நேரில் கண்டு எழுதப்பட்டது என்பதில் ஐயமில்லை. புதைத்த இடம், கொடி சிதைவது, முட்டையின் வடிவம் என எல்லாம் சரியாக இருக்கின்றன. இரண்டாம் பாதி தவறு. ஆண் கடலாமை கரைக்கே வருவதில்லை. தாயும் புதைத்த பிறகு திரும்பிப் பார்ப்பதில்லை. பதின்பருவ மாணவர்களிடம் இந்தப் பாடலைக் கொடுத்து, புலவர் கண்டது எது, கருதிக்கொண்டது எது என்று பிரித்துக் காட்டச் சொன்னால், அறிவியல் முறையைப் பற்றிய ஒரு வகுப்பு அதிலேயே முடிந்துவிடும். பாடல் சொல்லும் அடும்பு இன்றும் கொட்டிவாக்கத்துக்கு அருகே மணலில் ஊதாப் பூவோடு படர்ந்திருப்பதைக் காணலாம், கடற்கரையை அழகுபடுத்துபவர்கள் அதைக் களையென்று பிடுங்காத இடங்களில்.

ஒப்பீட்டுக்கு ஒன்று. அடையாறு முகத்துவாரத்தையொட்டி மீட்டெடுக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்கா 2011இல் திறக்கப்பட்டது. 58 ஏக்கரில் கழிமுகச் சூழலை ஓரளவு திரும்பக் கொண்டுவந்த அரிய பணி அது. பள்ளி மாணவர்கள் வழிகாட்டியோடு அழைத்துச் செல்லப்படுகிறார்கள், பாதைகளும் விளக்கப் பலகைகளும் உள்ளன. அங்கே மாணவர் பார்க்கிறார், கேட்கிறார், திரும்புகிறார். பறவைகளை அடையாளம் காண அதைவிட நல்ல இடம் நகருக்குள் அதிகமில்லை. ஆனால் அவர் வராவிட்டாலும் அந்த இடத்துக்கு எதுவும் ஆகாது. ஆமை நடையில், அன்றிரவு யாரும் நடக்காவிட்டால் ஒரு குழி முட்டை நாய்க்குப் போய்விடக்கூடும். தன்னால் ஒரு வேலை ஆகிறது என்ற அறிவு பிள்ளையிடம் எழுப்பும் பொறுப்பைப் பலகையால் எழுப்ப முடியாது.

குஞ்சு விடும் மாலைகள்

மார்ச், ஏப்ரல் மாதங்களில் நிலைமை மாறுகிறது. பெசன்ட் நகரில் பொரிந்த குஞ்சுகளை மாலையில் கடலில் விடும்போது குடும்பங்கள் பெருந்திரளாகக் கூடுகின்றன. தோள்மேல் குழந்தை, கையில் கைபேசி. உள்ளங்கைக்குள் அடங்கும் கருஞ்சாம்பல் நிறக் குஞ்சுகள் கயிறு கட்டிய இடைவெளியில் அலையை நோக்கி ஊர, கூட்டம் கைதட்டுகிறது. நடையைவிடப் பல மடங்கு மக்கள் இதைப் பார்க்கிறார்கள். இரவு முழுவதும் நடக்க முடியாத முதியோருக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் இதுவே வழி என்பதால் இதைக் குறை சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆயினும் இங்கே கிடைக்கும் பாடம் பெரும்பாலும் மகிழ்ச்சி மட்டுமே. குஞ்சை ஏன் நேராகத் தண்ணீரில் விடாமல் மணலில் ஊரவிடுகிறார்கள் என்பதைக் கேட்பவர்கள் சிலர். தான் பிறந்த கரைப்பகுதியைக் குஞ்சு பதிவு செய்துகொள்கிறது, பெண் ஆமைகள் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அப்பகுதிக்கே முட்டையிடத் திரும்புகின்றன என்ற விளக்கத்தைக் கேட்டதும், ஒரு தாய் தன் மகளின் வயதைக் கணக்கிட்டுப் பார்ப்பார். அது ஒன்றே அன்று அவர்கள் எடுத்துச் செல்லும் உண்மையான செய்தியாக இருக்கும். பொரிப்பகம் இரண்டாந்தரத் தீர்வு என்பதையும், கரை இருட்டாகவும் அமைதியாகவும் இருந்தால் இந்தக் கூட்டமே தேவைப்படாது என்பதையும் அந்தக் கைதட்டலுக்கு நடுவே சொல்வது கடினம். சொல்லாமல் விட்டால், முட்டைகளை எடுத்து வளர்த்து விடுவதே இயற்கைப் பாதுகாப்பு என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொள்ளும்.

பருவத்தின் கடைசி வேலைக்கு அத்தனை கூட்டம் வருவதில்லை. குஞ்சுகள் வெளியேறிய சில நாள்களில் ஒவ்வொரு குழியும் மீண்டும் தோண்டப்படுகிறது. காலி ஓடுகள் ஒரு பக்கம், பொரியாத முட்டைகள் ஒரு பக்கம், பாதி வளர்ந்து இறந்தவை ஒரு பக்கம் என்று பிரித்து எண்ணி, முதல் நாள் எழுதிய எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். கெட்ட முட்டையின் நாற்றம் கையைவிட்டுப் போக ஒரு நாள் ஆகும். பிப்ரவரியில் ஒரு குழியை எண்ணிய குடும்பத்துக்கு அந்தக் குழியின் எண்ணைக் கொடுத்து, ஏப்ரலில் அதைத் திறக்கும் நாளைத் தெரிவித்து வரச் சொன்னால், அன்றிரவு 112 என்றும் 114 என்றும் தகராறு செய்த பிள்ளைகளே ஓடுகளை எண்ணிக் கணக்கை முடித்துக்கொள்ளலாம். இதற்குப் புதிதாகப் பணமோ ஆளோ தேவையில்லை. பதிவேட்டில் ஒரு தொலைபேசி எண்ணுக்கு இடம் ஒதுக்கினால் போதும்.